சத்தியமூர்த்தி, நாராயணசாமி: மூலக்கூறு மோதல்களின் குவாண்டம் ஆய்வு

நாராயணசாமி சத்தியமூர்த்தி (பிறப்பு 1951) கோட்பாட்டு வேதியியலாளர். ஓர் அணு ஒரு மூலக்கூறின் மீது மோதும்போது பழைய பிணைப்பு அறுந்து புதிய பிணைப்பு உருவாகுமா, உருவானால் எந்த ஆற்றலில், எவ்வளவு எளிதாக என்பதைக் குவாண்டம் இயக்கவியலின் சமன்பாடுகளிலிருந்தே கணக்கிட்டுச் சொல்வது அவருடைய துறை. ஹீலியம் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியும் மோதும் வினையை விடாமல் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததே அவரது பணியின் முதுகெலும்பு.

இத்துறை ஏறக்குறைய குவாண்டம் இயக்கவியலின் வயதையொத்தது. 1931இல் ஹென்றி அயரிங்கும் மைக்கேல் போலன்யியும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களுக்கான நிலையாற்றல் பரப்பை முதன்முதலாக வரைந்தனர். அணுக்களுக்கு இடையிலான தொலைவு மாற மாற மொத்த ஆற்றல் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம் அது. வினைக்கு முந்தைய நிலை ஒரு பள்ளத்தாக்கு, பிந்தைய நிலை இன்னொன்று, இடையே ஒரு கணவாய். மோதலை விளக்க நினைப்பவர் முதலில் இந்தப் பரப்பைப் பெற வேண்டும். பிறகு அணுக்கள் அதன்மீது எப்படி நகர்கின்றன என்று கணக்கிட வேண்டும். இரண்டும் கடினம். மூன்று பரிமாணத்தில், ஹைட்ரஜன் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறும் மோதும் மிக எளிய வினைக்கே முழுமையான குவாண்டம் கணக்கு 1970களின் நடுவில்தான் கைகூடியது.

சத்தியமூர்த்தி ஆய்வுக்கு வந்தது அந்தக் காலத்தில். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லயனல் ராஃபின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார். தொடர்ந்து டொராண்டோவில் ஜான் போலன்யியின் குழுவில் பணியாற்றினார். முதல் பரப்பை வரைந்த மைக்கேலின் மகனே இந்த ஜான். வேதிவினைகளின் இயக்கவியலுக்காக 1986இல் டட்லி ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர். 1978இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த சத்தியமூர்த்தி, அடுத்த முப்பது ஆண்டு ஆய்வை அங்கிருந்தே செய்தார்.

அவருடைய முதல் பங்களிப்பு பரப்பைப் பற்றியது. அணுக்கரு மூன்று என்றால் தொலைவுகளும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு எடுத்தாலே ஆயிரம் வடிவங்களுக்கு எலக்ட்ரான் கணக்கைத் தனித்தனியே போட வேண்டும். அப்படிக் கிடைப்பதும் வெறும் புள்ளிகளே. நகர்வைக் கணக்கிட இடைவெளியற்ற பரப்பு வேண்டும். இதற்கு ஸ்ப்லைன் என்னும் வளைகோட்டு இடைச்செருகல் முறையை முப்பரிமாணத்துக்கு விரித்து, 1975இல் ராஃபுடன் சேர்ந்து வெளியிட்டார். பின்னாளில் மெக்லாலின், தாம்சன் இருவரும் கணக்கிட்டிருந்த ஹீலியம்–ஹைட்ரஜன் அயனிப் புள்ளிகளுக்கு 1987இல் தா. ஜோசஃபுடன் சேர்ந்து ஒரு சமன்பாட்டு வடிவம் கொடுத்தார். நால்வரின் பெயர்களின் முதலெழுத்துகளால் குறிக்கப்படும் அந்தப் பரப்பு, உலகின் பல குழுக்கள் தங்கள் முறைகளை உரைத்துப் பார்க்கும் கல்லாக நீண்ட காலம் இருந்தது.

இந்த வினையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான், ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியில் ஒன்று, ஆக மூன்றே. இவ்வளவு சிறிய அமைப்புக்கு எலக்ட்ரான் ஆற்றலை நம்பத்தகுந்த துல்லியத்துடன் கணக்கிட முடியும். பரப்பு சரியாக இருந்தால், ஆய்வுக்கூட அளவீட்டுடன் ஒத்துப்போகாத குறை நகர்வுக் கணக்கைத்தான் சாரும். பிழையைத் தேட இடம் சுருங்கிவிடுகிறது. மேலும் இது வெப்பங்கொள் வினை: ஹீலியம் ஹைட்ரைடு அயனி உருவாக ஏறக்குறைய 0.8 எலக்ட்ரான் வோல்ட் வெளியிலிருந்து வர வேண்டும். அந்த ஆற்றலை எந்த வடிவில் கொடுப்பது என்பதில்தான் சுவை.

வேகமாக மோதவிடலாம், அல்லது அயனியை அதிரச் செய்து அதே ஆற்றலை உள்ளுக்குள் வைக்கலாம். 1960களின் இறுதியில் வில்லியம் சுப்காவும் உடன் உழைத்தோரும் செய்த சோதனைகள், அதிர்வாகக் கொடுத்த ஆற்றலே மிகுந்த பலன் தருகிறது என்று காட்டியிருந்தன. மொத்த ஆற்றல் ஒன்றாக இருந்தும், அதிர்வின் மூன்றாம் படிநிலையை எட்டிய அயனி சும்மா வேகமாக வந்ததைவிட எளிதில் வினைபுரிகிறது. போலன்யி குழுவின் விதி இதற்கு விளக்கம் தருகிறது: இவ்வினையில் ஏற்றம் பாதையின் பிற்பகுதியில், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றதற்குத் திரும்பும் வளைவைத் தாண்டி வருகிறது. நேராக விரைந்து வரும் வண்டி வளைவில் முட்டித் திரும்பிவிடும். பக்கவாட்டில் அசைந்து வருவது வளைவில் திரும்பி மேட்டில் ஏறும். சத்தியமூர்த்தியின் கணக்குகள் இந்தப் பொது விதியை ஒவ்வோர் அதிர்வுப் படிநிலைக்கும் எண்களாக்கின. மூலக்கூறின் சுழற்சி வினையை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றி 1983இல் அவர் எழுதிய திறனாய்வுக் கட்டுரையும் இதே வகையைச் சேர்ந்தது.

தொடக்கக் கணக்குகள் நியூட்டனின் பாதையில் அணுக்களை உருட்டிவிடும் பகுதிச் செவ்வியல் முறையைச் சேர்ந்தவை. ஆயிரக்கணக்கான பாதைகளின் சராசரியில் விடை கிடைக்கும். ஆனால் ஹைட்ரஜனைப் போன்ற இலேசான அணு குன்றை ஏறாமலே ஊடுருவக்கூடியது. பாதைகளுக்கு அது தெரியாது. 1980களில் ஃபெய்ட், ஃப்ளெக் ஆகியோரும் ரோனி காஸ்லாஃபும் காலத்தோடு நகரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கணினியில் திறம்படத் தீர்க்க வழி காட்டினர். கான்பூர் குழு அதைப் பற்றிக்கொண்டது.

முறை இது. மோதவரும் அணுவை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளாமல், பரப்பின் நுழைவுப் பள்ளத்தாக்கில் வைத்த ஓர் அலைப்பொட்டலமாக எடுத்துக்கொள்வர். பரப்பைச் சிறு சதுரங்களாக வெட்டி, பொட்டலத்தை ஃபெம்டோ நொடியின் சிறு பகுதி அளவு நகர்த்தி, மறுபடியும் நகர்த்தி, அது எங்கே பிளக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பர். அலை கட்டத்தின் விளிம்பை எட்டினால் எதிரொலித்துக் கணக்கைக் கெடுக்கும். அதை விழுங்க விளிம்பில் எதிர்மறைக் கற்பனை ஆற்றல் வைக்கப்படுகிறது. 1997இல் சத்தியமூர்த்தி, சுசாந்த மகாபாத்ராவுடன் சேர்ந்து இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு ந. பாலகிருஷ்ணன், சி. கல்யாணராமன் இருவருடன் எழுதிய விரிவான தொகுப்பு இன்றும் இத்துறையின் கையேடுகளில் ஒன்று. ஒரே ஓட்டத்தில் பல ஆற்றல்களுக்கான விடை கிடைப்பது இம்முறையின் பெரிய லாபம்.

கணக்கு காட்டியதில் முக்கியமானது ஒத்ததிர்வுகள். மோதல் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் வினையின் நிகழ்தகவு சீராக உயர்வதில்லை. குறுகிய ஊசிகளாக எழுந்து விழுகிறது. நுழைவுப் பள்ளத்தாக்கை அடுத்து, ஹீலியமும் இரு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் இருக்கும் நிலையில், ஆழம் குறைந்த ஒரு குழி உண்டு. மூன்று அணுக்களும் அதில் சிறிது நேரம் சிக்கிப் பிறகே பிரிகின்றன. ஆனால் நேரடிச் சோதனையில் இந்த ஊசிகள் பெரும்பாலும் தெரியாது. மோதல்கள் பல கோண உந்தங்களில் நடக்கின்றன. பலவற்றைக் கூட்டும்போது ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். கோட்பாட்டாளருக்கு மட்டும் புலப்படும் நுட்பம் என்று இதைச் சொன்னால் தவறில்லை.

சத்தியமூர்த்தி 1990இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். 2007இல் மொஹாலியில் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

சத்தியமூர்த்தியின் கான்பூர் ஆய்வுப்பள்ளியின் தொடர்ச்சி பல ஊர்களில் இருக்கிறது. சென்னை ஐஐடியில் சஞ்சய் குமார், புரோட்டான் ஆக்சிஜன் போன்ற மூலக்கூறுகளுடன் மோதும்போது எலக்ட்ரான் நிலைகள் ஒன்றோடொன்று கலப்பதைக் கணக்கிட்டார். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் மகாபாத்ரா அத்தகைய கலப்பைத் தனி ஆய்வுத்துறையாகவே வளர்த்தார். அமெரிக்கா சென்ற பாலகிருஷ்ணன் 2001இல் அலெக்சாண்டர் டால்கார்னோவுடன் சேர்ந்து, ஃபுளோரினும் ஹைட்ரஜனும் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகிலும், ஊடுருவலின் உதவியால் வினைபுரிகின்றன என்று காட்டினார்.

கான்பூர் குழு ஆராய்ந்த வினையில் உருவாகும் ஹீலியம் ஹைட்ரைடு அயனி 1925இலேயே ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. பிரபஞ்சத்தில் முதன்முதல் உருவான மூலக்கூறு இதுவே என்று வானியலாளர் கருதினாலும் விண்வெளியில் தேடி நெடுங்காலம் கிடைக்கவில்லை. சோஃபியா விமானத் தொலைநோக்கி, என்ஜிசி 7027 என்ற கோள்வடிவ நெபுலாவில், 149.1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அதைப் பிடித்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டது. அங்கே அது உருவாகும் அளவையும் அழியும் அளவையும் ஒப்பிட, ஹைட்ரஜன் அணு ஹீலியம் ஹைட்ரைடைத் தாக்கிச் சிதைக்கும் வேகம் தேவை. அது கான்பூரில் ஆராயப்பட்ட அதே வினை, திரும்பிய திசையில். வெளியிலிருந்து ஆற்றல் வேண்டாததால் குளிர்ந்த வாயுவிலும் எளிதில் நடப்பது.