ஜாவா செய்நிரல் தொடங்கும் இடம்: ‘மெயின்’

1990 இல் கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் முகாம்களில்தான் படித்தார்கள். அவர்களின் அடுத்த தலைமுறைக்கு ஒரு கணினியும் இலவசமான ஓபன்ஜேடிகேயும் இருந்தால் வீட்டிலேயே ஜாவா பழகலாம்.

முதலில் விளங்கவேண்டியது ‘மெயின்’. செய்நிரலில் எத்தனை வகுப்புகள் இருந்தாலும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் இங்கிருந்தே தொடங்கும். ‘பப்ளிக்’ என்றால் வெளியிலிருந்து அழைக்கலாம். ‘ஸ்டாட்டிக்’ என்றால் பொருள் எதையும் உருவாக்காமலே அழைக்கலாம். ‘வொய்ட்’ எதையும் திருப்பித் தராது. அடைப்புக்குறிக்குள் உள்ள ‘ஸ்ட்ரிங்’ அணி, இயக்கும்போது நாம் கொடுக்கும் சொற்களை ஏற்கும்.

‘மெயின்’ என்பதன் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் தொகுக்கும்போது பிழை காட்டாது, இயக்கும்போதுதான் மறுக்கும்.

2025 இல் வெளிவந்த ஜாவா 25 இல் ‘வொய்ட் மெயின்’ மட்டுமே போதும். ஆனால் முன்னைய செய்நிரல்களில் வேலை செய்ய முழு வரியும் தெரிந்திருக்க வேண்டும்.