எம்டனும் ஜெம்சுக்கும்

சூழ்ச்சித்திறம் மிக்கவரை 'எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு பொழிந்த செருமானியக் கப்பல் தந்த சொல் அது. அதே கப்பல் அக்டோபர் 28 விடியலில், போலிப் புகைபோக்கி பொருத்திப் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. ஜெம்சுக்கின் தலைவர் செர்க்காசோவ் பிரபு அன்றிரவு கரையில் மனைவியுடன் தங்கியிருந்தார். குண்டுகளிற் பெரும்பகுதி கிடங்கில் பூட்டிக் கிடந்தது! அங்கதம் புனைவோரும் இவ்வளவு துணியார். வென்ற கப்பலைச் சொல்லாக்கிய தமிழ், இக்கடமை மறதிக்கு ஒரு சொல் வழங்காதது குறையே. ஏறத்தாழ 90 மாலுமிகள் மாண்டனர். படைநீதிமன்றம் தலைவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை விதித்தது. பேரரசர் அதனை மாற்றி, அவரைச் சாதாரண மாலுமியாகப் போர்முனைக்கு அனுப்பினார். நிபோங் திபாலிலிருந்து பாலம் கடந்து தீவுக்குச் செல்கையில் நாம் காணும் ஜெரஜாக்கிலும் ஜெம்சுக் மாலுமிகளின் கல்லறை உள்ளது.