நட்பு உடன்படிக்கைகள்: திருவிதாங்கூரும் வடகரையும்

திருக்குறட் பொருட்பாலில் 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்கள் நட்பினைப் பற்றியன. நட்பு, நட்பாராய்தல், பழைமை என்பவற்றை அடுத்துத் தீ நட்பும் கூடா நட்பும் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. அரசனுக்குரிய உறுப்புகளுள் ஒன்றாக நட்பை எண்ணிய நம் முன்னோர், அதனை ஆராயாது கோடலின் தீங்கினையும் உடன்வைத்தே எண்ணினர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பேரரசுகள் சிற்றரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் பலவற்றின் முகப்பிலும் இதே சொல் நிற்கின்றது. ‘என்றும் நிலைபெறும் நட்பு’ என்பது அவற்றின் வாய்பாடு. அச்சொல் அவ்வேடுகளில் என்ன தொழில் செய்தது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள். அதற்குத் திருவிதாங்கூர் அரசையும், அதன் கிழக்கெல்லையை ஒட்டியிருந்த வடகரைப் பாளையத்தையும் சான்றாகக் கொள்வாம்.

வடகரை தென்காசிக்கு வடமேற்கே மேற்குமலையின் அடிவாரத்தில் உள்ளது. சொக்கம்பட்டிப் பாளையம் என வழங்கப்பெற்றதும் இதுவே. இதற்கு அணித்தே தெற்கிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உரியதாயிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைநாட்டினின்று இறங்குவார் முதலிற் காலூன்றும் நிலம் இதுவாகலின், மலைக்கு அப்பாலுள்ள அரசின் நட்பும் பகையும் இப்பாளையத்தின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்தன.

1750ஐ அடுத்த ஆண்டுகளில் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் மேலைப் பாளையக்காரரை ஒன்று திரட்டி நவாபு முகம்மதலியையும் கும்பினியையும் எதிர்த்தார். வடகரைப் பாளையம் அவ்வணியில் இருந்தது. திருவிதாங்கூர் அரசும் அவ்வணிக்குத் துணைநின்றது. களக்காட்டுப் பகுதியின்மேல் அவ்வரசுக்கு நெடுநாள் வேட்கை உண்டு. துணைநின்றதற்குக் காரணம் அதுவேயன்றிப் பிறிதில்லை. இதனை நன்குணர்ந்தவன் கும்பினிப் படைத்தலைவனாகிய யூசுப்கான். 1759இல் அவன் களக்காட்டினை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டான். இருபடையும் கூடி முதற்கண் தாக்கிய இடங்களுள் வடகரை ஒன்று. வடகரைத் தலைவர் கோட்டையை விட்டுப் பூலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்தார். நேற்றுவரை துணையாயிருந்தாரே இன்று கோட்டை வாயிலில் பகையாய் நின்றனர் என்பது கருதற்பாலது. இருவர்தம் நட்பின் விலையை மூன்றாமவர் கொடுத்த நிகழ்ச்சி இது. உடன்படிக்கைகளை ஆராய்வார், கைச்சாத்திட்ட இருவரை மட்டும் நோக்குதல் போதாது. கைச்சாத்திடாத மூன்றாமவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும்.

களக்காடு பின்னர் நவாபின் வசமே மீண்டது. யூசுப்கான் 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். அவை வேறு கதை.

மைசூர்ப் போர்களுக்குப்பின் கும்பினிக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான தொடர்பு எழுத்து வடிவில் இறுகலாயிற்று. 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் அரசர் ஆங்கிலேயரின் நண்பராகக் குறிக்கப்பட்டார். 1788இல் கும்பினியின் இரு படைப்பிரிவுகள் அரசரின் செலவில் எல்லையில் நிறுத்தப்பட்டன. எனினும் 1789 திசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கியபொழுது, சென்னை ஆளுநர் ஹாலண்டு உதவ விரைந்திலர். தலைமை ஆளுநர் கார்ன்வாலிசே அவர் போக்கினைக் கண்டிக்க நேர்ந்தது. 1792இல் போர் முடிந்தபின் போர்ச்செலவில் ஒரு பங்கினை அரசரிடமே கும்பினி வேண்டிற்று. நண்பரைக் காத்தற்கு நண்பரிடமே கூலி கேட்கும் இம்முறை, வணிகர் கழகம் ஒன்று அரசியல் நடத்தியதன் விளைவு என்க.

1795இல் எழுந்த உடன்படிக்கையே இத்தொடர்பின் முதற்பெரும் ஏடு. சிப்பாய்ப் படைப்பிரிவுகள் மூன்றனுக்கும், ஐரோப்பியப் பீரங்கிப் படை ஒன்றனுக்கும், இலஸ்கர் குழுக்கள் இரண்டனுக்கும் ஆகும் செலவை அரசர் கொடுத்துவர வேண்டும். அயலார் படையெடுப்பின் கும்பினி காக்கும். இவற்றோடு இன்றியமையாத உறுதிமொழி ஒன்றும் அதன்கண் உண்டு: அரசரின் உள்நாட்டு ஆட்சியில் கும்பினி எவ்வகையானும் தலையிடாது என்பது அது. தருமராசா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் இவ்வுறுதியை நம்பியே கைச்சாத்திட்டார் எனக் கொள்ளல் தகும். அவர் 1798இல் மறைந்தார். பாலராமவர்மர் அரியணை ஏறினார். 1800இல் மெக்காலே என்பார் கும்பினியின் முதல் ரெசிடெண்டாக வந்தமர்ந்தார்.

பத்தாண்டு முற்றுமுன் அவ்வுறுதி மாய்ந்தது. 1804இல் நாயர் படையினர் தம் படிகளைக் குறைக்கும் முயற்சியை எதிர்த்துக் கிளர்ந்தனர். அதனை அடக்கியதைத் தொடர்ந்து 1805 சனவரி 12இல் புதிய உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. அதன் தலைப்பிலும் ‘என்றும் நிலைபெறும் நட்பு’ உண்டு. தலைப்பினின்று உடலுக்குச் செல்வார்க்கு வேறொரு காட்சி புலனாகும். ஆண்டொன்றுக்குப் படைச்செலவாகச் செலுத்தவேண்டிய தொகை 8 இலட்சம் ரூபாய். அத்தொகை தவறும் என்ற ஐயம் தோன்றின், கும்பினி நாட்டின் எப்பகுதியையும் தன் மேலாட்சியில் எடுத்துக்கொள்ளலாம். அங்ஙனம் எடுத்துக்கொள்ளின் அரசருக்கு 2 இலட்சம் ரூபாயும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. 1801இல் கருநாடக நவாபுக்கு ஒதுக்கப்பட்டதும் இதே ஐந்தில் ஒரு பங்கே. தனித்தனி அரசரோடு தனித்தனி நட்பு என்று தோன்றினும், அச்சு ஒன்றே.

இவற்றினும் நுண்ணியது மற்றொரு விதி. அரசர் தம் ஆட்சிக் காரியங்களில் ஆங்கில அரசு கூறும் அறிவுரைக்கு எஞ்ஞான்றும் செவிசாய்த்தல் வேண்டும் என்பது அது. ஒரு நண்பன் அறிவுரை கூறுதல் நட்பின் இலக்கணமே. இடித்துரைத்தலும் நட்பின் கடனே. ஆயின் அறிவுரையைக் கேட்டே தீரவேண்டும் என எழுதி வாங்கிக்கொள்வானாயின், அஃது அறிவுரை அன்று, ஆணை. 1795இன் ஏட்டில் ‘தலையிடோம்’ என நின்றது, 1805இன் ஏட்டில் ‘அறிவுரைப்போம்’ எனத் திரிந்தது. இவ்விரு சொற்களுக்கும் இடையே ஓர் அரசின் உரிமை மறைந்தது.

அதன் விளைவு விரைந்து வெளிப்பட்டது. 1805இல் தளவாயாக இருந்து அவ்வுடன்படிக்கைக்குத் துணைநின்ற வேலுத்தம்பியே, நிலுவைத் தொகைக்காக ரெசிடெண்டு நெருக்கவும், 1808 இறுதியில் படைதிரட்டினார். 1809 சனவரியில் குண்டறையில் அவர் விடுத்த அறிக்கை புகழ்பெற்றது. பிப்பிரவரியில் கும்பினிப்படை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கைப்பற்றி உள்நுழைந்தது. திருவிதாங்கூரைக் காத்தற்கென அதன் பணத்தால் வளர்ந்த படையாட்சியே அதன்மேற் பாய்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்நீத்தார். 1811இல் ரெசிடெண்டு மன்றோவே திவான் பொறுப்பினையும் ஏற்றார். அறிவுரை கூறுவோரும் அதனைக் கேட்டு நடத்துவோரும் ஒருவரேயாயினர்.

இஃது இந்நாட்டிற்கே உரிய புதுமையோ எனின், அன்று. பசிபிக் பெருங்கடலின் தீவரசாகிய தொங்காவின் வரலாறு இதனை நிழல்போல் ஒக்கும். தொங்கா 1876இல் செருமனியோடும், 1879இல் பிரிட்டனோடும், 1886இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடும் நட்பு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. முதலாம் சார்சு துபோ அரசர் பல பேரரசுகளோடு நட்புக் கொண்டதன் கருத்து, ஒன்றும் தன்னை விழுங்காதிருத்தல் வேண்டும் என்பதாகலாம். செருமனி வேண்டியதோ வவாவு தீவில் கப்பல்களுக்குரிய நிலக்கரி நிலையம். திருவிதாங்கூரின் மிளகும், தொங்காவின் துறையும் நட்பினைத் தேடி வரச்செய்தன. 1900இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையால் வெளிநாட்டுத் தொடர்புகள் பிரிட்டனின் பொறுப்பாயின. 1905இல் மேலும் ஓர் இணைப்பு எழுந்தது. முதன்மையான காரியங்களில் அரசர் பிரிட்டிசுத் தூதரின் அறிவுரையை ஏற்றல் வேண்டும் என்பது அதன் சாரம். திருவிதாங்கூர் ஏட்டுக்குச் சரியாக நூறாண்டு பின்னர், உலகின் மறுகோடியில், அதே சொல். தொங்கா 1970 சூன் 4இல் முழுவுரிமை மீண்டும் பெற்றது. அதன் அரசமரபு இன்றும் தொடர்கின்றது.

இனி வடகரைக்கு மீள்வாம். மலைக்கு மேற்கே உடன்படிக்கைகள் எழுதப்பட்ட அதே காலத்தில், கிழக்கேயிருந்த பாளையக்காரர் எவரோடும் கும்பினி நட்பு உடன்படிக்கை செய்திலது. 1792இல் நவாபோடு செய்த உடன்படிக்கையால் அவர்தம் திறையைத் தண்டும் உரிமையைக் கும்பினி பெற்றது. தம்மைப் பற்றிய அவ்வேட்டில் பாளையக்காரர்க்குக் கைச்சாத்தில்லை. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 திசம்பரில் ஆளுநர் கிளைவு வெளியிட்ட அறிக்கை பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தது. எஞ்சிய பாளையங்கள் 1803இல் சன்னது பெற்றுச் சமீன்களாயின. சன்னது மேலோன் கீழோனுக்கு அளிப்பது. உடன்படிக்கை இருவர் ஒத்து எழுதுவது. இவ்வேற்றுமை வெறும் சொல்வேற்றுமை அன்று. உடன்படிக்கை பெற்றவர், ஏமாற்றப்பட்டாராயினும், மீறப்பட்ட விதியைச் சுட்டிக்காட்டி வழக்குரைக்க ஓர் ஏடாயினும் உடையராயிருந்தனர். வடகரையார்க்கு அதுவும் இல்லை. நட்பு உடன்படிக்கையைப் பொய்யென ஒருங்கே ஒதுக்கும் அறிஞர் இதனையும் சீர்தூக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

தென்காசியும் குற்றாலமும் கும்பினியின் நேராட்சியிலும், சிலகல் தொலைவிலுள்ள செங்கோட்டை நண்பரின் ஆட்சியிலும் ஆக, 1801 முதல் ஒன்றரை நூற்றாண்டுக்காலம் இந்நிலம் பிரிந்தே கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது செங்கோட்டை சென்னை மாநிலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகவே, செங்கோட்டையும் வடகரையும் அதன்கண் ஓராட்சிக்கு உட்பட்டன.