கியூகா ஏரிக்கரையில் ஒரு பிற்பகல்



அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம்மில் பலர் நயாகரா அருவியைப் பார்த்திருப்போம். அதே நியூயார்க் மாநிலத்தில், விரல்களை நீட்டி வைத்தாற்போல் பதினோரு ஏரிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க இறங்குகிறவர்கள் குறைவு. அவற்றில் ஒன்று கியூகா. சில ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து நயாகரா போகும்போது, மகன் சற்றுச் சுற்றுவழியாக எங்களை அங்கே கூட்டிப் போனான்.

மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், கீழே ஏரி, மேலே ஓர் ஒயின் ஆலை. வாசலில் நான் தயங்கி நின்றதைப் பார்த்த மருமகள், "மாமா, குடிக்கிறவங்கதான் வரணும்னு இல்லை. ஏரியைப் பார்க்கிறதுக்குன்னே வர்றவங்களும் இருக்காங்க, வாங்க" என்றாள். நானும் என் மனைவியும் திராட்சைச் சாற்றை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆலை வைத்திருப்பவர்கள் ஊரார் எல்லோரையும் ஏன் இப்படி உள்ளே கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் புதிராக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு அதைப் பற்றிப் படித்தேன்.

முதலில் ஏரியைச் சொல்ல வேண்டும். பனிப்பாறைகள் குடைந்த ஆழமான ஏரி இது. நீளம் ஏறக்குறைய 20 மைல். கவட்டை போல இரண்டாகப் பிரிவதால் முன்பு 'கோணல் ஏரி' என்றே பெயர். கோடையில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் மெல்லத்தான் விடும். அதனால் இலையுதிர் காலத்தில் கரையோரம் உறைபனி தாமதமாக வரும், பழம் முற்ற நாள் கிடைக்கும். வசந்தத்தில் அதே தண்ணீர் குளிர்ந்து கிடப்பதால், துளிர் அவசரப்பட்டு வெளியே வந்து பனியில் கருகாது. அவ்வளவு குளிர்ப் பிரதேசத்தில் திராட்சை விளைவது இந்த ஏரியின் தயவால்தான்.

ஏரியின் தென்கோடியில் உள்ள ஊர் ஹாமண்ட்ஸ்போர்ட். 1829-ல் வில்லியம் பாஸ்ட்விக் என்ற பாதிரியார் அங்கே தம் தோட்டத்தில் கொடி வைத்தார். 1860-ல் பிளசன்ட் வேலி என்ற முதல் ஒயின் கம்பெனி தொடங்கியது. ஏரியில் ஓடிய நீராவிப் படகுகள் திராட்சையையும் ஏற்றின, உல்லாசப் பயணிகளையும் ஏற்றின. 1908 ஜூலை 4 அன்று இதே ஊர்க்காரரான கிளென் கர்ட்டிஸ், 'ஜூன் பக்' என்ற விமானத்தில் 5,000 அடிக்கும் அதிகமான தூரம் பறந்து பரிசு வாங்கினார். அதைப் பார்க்கவும் பெரிய கூட்டம் கூடியது. அவர் பெயரில் இன்று அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

1920-ல் மதுவிலக்கு வந்தது. 13 ஆண்டுகள் நீடித்தது. பல ஆலைகள் மூடப்பட்டன. 1933-க்குப் பிறகு பெரிய கம்பெனிகளின் கை ஓங்கியது. விவசாயி திராட்சையை அவர்களிடம் விற்றுவிட்டு, அவர்கள் தரும் விலையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் வயதுக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு கதை உண்டு. கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பவர் உக்ரைனில் திராட்சை ஆராய்ச்சி செய்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1951-ல் அகதியாக அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் தெரியாது. ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் களை கொத்தும் வேலைதான் கிடைத்தது. ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரைத் தாங்காது என்று அங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள். குளிர் தாங்கும் வேரில் ஒட்டுக் கட்டினால் தாங்கும் என்றார் இவர். நம்பியவர் சார்லஸ் ஃபூர்னியே என்ற பிரெஞ்சுக்காரர். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். ஃபிராங்க் சொன்னது பலித்தது. 1962-ல், அறுபதைத் தாண்டிய வயதில், கியூகா கரையில் சொந்த ஆலை தொடங்கினார்.

ஆனால் சாதாரண விவசாயிக்கு அந்த வழி எளிதாக இல்லை. 1970-களில் திராட்சை விலை விழுந்தது. கம்பெனிகள் வாங்குவதைக் குறைத்தன. தலைமுறையாக வளர்த்த கொடியைப் பிடுங்கிப் போடும் நிலை வந்தது. அப்போதுதான், 1976-ல், நியூயார்க் மாநிலம் பண்ணை ஒயின் ஆலைச் சட்டம் கொண்டுவந்தது. தன் தோட்டத்துத் திராட்சையில் சிறிய அளவில் ஒயின் செய்து, வீடு தேடி வருபவரிடம் நேரே விற்கலாம் என்றது அந்தச் சட்டம். நடுவில் கம்பெனி வேண்டாம். ஆனால் வாங்க ஆள் வர வேண்டுமே! அதற்காகத்தான் விவசாயிகள் கொட்டகையைச் சுத்தம் செய்து, ஏரியைப் பார்த்தாற்போல் பெஞ்சு போட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரரோடு போட்டி போடாமல், எல்லா ஆலைகளையும் இணைத்து 'ஒயின் பாதை' என்று வழிகாட்டி அச்சிட்டார்கள். இன்று அந்த ஏரிகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் இதுதான் பூர்வீகம். பொழுதுபோக்கு இடம் என்று நினைத்தேன். விவசாயி தன் நிலத்தை விற்காமல் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. ஒயினைத் தொடாத நான் அன்று செலவழித்தது இரண்டு தம்ளர் சாற்றுக்குத்தான். அந்தக் காசும் அந்தத் தோட்டத்துக்கே போயிருக்கும் என்று நினைக்கும்போது திருப்தியாக இருக்கிறது.

பிள்ளைகள் அடுத்த முறை நயாகராவுக்குக் கூப்பிட்டால், வழியில் ஒரு நாளை இந்த ஏரிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் வாரம் போனால் பழம் பறிப்பதையும் பார்க்கலாம். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், ஏரிக்காற்று நம் முழங்காலுக்கு ஆகாது!