சிக்கோ மெண்டெஸ்

சிக்கோ மெண்டெஸ் (டிசம்பர் 15, 1944 – டிசம்பர் 22, 1988) பிரேசில் நாட்டின் ஆக்ரே மாநிலத்தைச் சேர்ந்த ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர், உள்ளூர் அரசியல்வாதி, சூழலியலாளர் ஆவார். இவரது முழுப்பெயர் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் மெண்டெஸ் பிலோ. ஷப்புரி நகராட்சி மன்ற உறுப்பினராக இருந்தவர். அமேசான் காட்டைக் காப்பதும் அக்காட்டில் வாழும் ஏழைகளின் உரிமைகளைக் காப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்பது இவரது அடிப்படைக் கருத்து. இக்கருத்துக்காகவே இவர் கொலை செய்யப்பட்டார்.

பின்னணி

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876 இல் என்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்துச் சென்ற விதைகளிலிருந்தே இலங்கை, மலாயா முதலிய இடங்களின் தோட்டங்கள் உருவாயின. தோட்ட ரப்பர் மலிவாகக் கிடைத்ததால் 1910களில் அமேசானின் ரப்பர் வணிகம் வீழ்ந்தது. எனினும் காட்டில் தனித்தனியே வளரும் மரங்களில் பால்வடித்து வாழ்ந்த குடும்பங்கள் அங்கேயே தங்கின.

இக்குடும்பங்கள் கடன் முறை ஒன்றினால் பிணைக்கப்பட்டிருந்தன. உணவும் கருவிகளும் முதலாளியின் கடையில் கடனாகக் கிடைக்கும். ரப்பரை அம்முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும். கணக்கு முதலாளியின் கையில் இருந்ததால் கடன் தீர்வதில்லை. தொழிலாளர் கணக்கைப் படித்தறியக் கூடாது என்பதற்காகப் பள்ளிகள் அனுமதிக்கப்படவில்லை. மெண்டெஸ் ஒன்பது வயதிலேயே பால்வடிக்கத் தொடங்கினார். இளைஞராக இருந்தபோது, காட்டில் மறைந்து வாழ்ந்த யூக்ளிடெஸ் டாவோரா என்ற முன்னாள் பொதுவுடைமையாளரிடம் எழுதப் படிக்கக் கற்றார்.

1964 முதல் 1985 வரை பிரேசிலை ஆண்ட இராணுவ அரசு, 1970களில் அமேசானில் கால்நடைப் பண்ணைகள் அமைக்க வரிச்சலுகையும் கடனும் வழங்கியது. பண்ணையாளர்கள் நிலத்தை வாங்கி, காட்டை எரித்துப் புல்வெளியாக்கினர். அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அரசியல் வாழ்வு

1975 இல் பிராசிலேயா நகரில் அமைந்த ஊரகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக மெண்டெஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977 இல், அன்று அனுமதிக்கப்பட்ட ஒரே எதிர்க்கட்சியான பிரேசிலிய சனநாயக இயக்கத்தின் சார்பில் ஷப்புரி நகராட்சி மன்ற உறுப்பினரானார். 1979 இல் மன்றக் கூடத்தைத் தொழிற்சங்கத்தினரும் சமயத் தலைவர்களும் கூடிப் பேசும் இடமாக மாற்றினார். இதனால் அரச எதிர்ப்புக் குற்றச்சாட்டுக்கும் விசாரணைக்கும் ஆளானார்.

1980 இல் சங்கத் தலைவர் வில்சன் பினெய்ரோ கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ஆக்ரேயில் தொழிலாளர் கட்சியை நிறுவியவர்களுள் மெண்டெசும் ஒருவர். 1982 இல் மாநில சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அவரது செல்வாக்கு பெரும்பாலும் சங்கப் பணியிலிருந்தே வளர்ந்தது எனலாம்.

சூழல் பற்றிய கருத்துகள்

மெண்டெஸ் தொடக்கத்தில் தம்மைச் சூழலியலாளர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. மரம் வீழ்ந்தால் தொழிலாளியின் வாழ்வும் வீழும் என்ற நடைமுறை அறிவே அவரது தொடக்கப் புள்ளி. காட்டை மனிதர் எவரும் தொடாத இடமாக வைத்திருக்க வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. காட்டை அழிக்காமல் அதன் விளைபொருள்களைக் கொண்டு வாழ வழி வேண்டும் என்றே அவர் வாதிட்டார்.

1985 அக்டோபரில் தலைநகர் பிரசிலியாவில் ரப்பர் பால்வடிப்போரின் முதல் தேசிய மாநாடு நடைபெற்றது. அதில் 'சேகரிப்புக் காப்பகம்' என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. இதன்படி நிலம் அரசுக்கு உரியதாக இருக்கும். அதை விற்கவோ கூறுபோடவோ முடியாது. அங்கு வாழும் குடும்பங்களுக்கு ரப்பர், பிரேசில் கொட்டை முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமை இருக்கும். மானிடவியலாளர் மேரி அலெக்ரெட்டி இம்முயற்சியில் முக்கியத் துணையாக இருந்தார்.

1987 இல் மெண்டெஸ் அமெரிக்கா சென்று, இடை-அமெரிக்க வளர்ச்சி வங்கியின் கூட்டத்தையொட்டி தம் மக்களின் நிலையை விளக்கினார். அவ்வங்கியின் நிதியில் அமைக்கப்பட்ட பி.ஆர்.-364 நெடுஞ்சாலை காட்டழிவை விரைவுபடுத்தும் என்பது அவரது வாதம். வங்கி பின்னர் கடனை நிறுத்தி வைத்தது.

மனித உரிமை பற்றிய கருத்துகள்

வன்முறையற்ற எதிர்ப்பு மெண்டெசின் வழி. 'எம்பாத்தி' எனப்படும் மறியலில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் காடு வெட்டப்படும் இடத்துக்குக் கூட்டமாகச் செல்வர். மரம் வெட்டும் கூலியாட்களும் ஏழைகளே என்பதால், அவர்களிடம் பேசி வேலையை நிறுத்தச் செய்வர், கூடாரங்களைப் பிரித்துவிடுவர். இத்தகைய 45 மறியல்களில் 15 வென்றன, 30 தோற்றன என்று மெண்டெசே கணக்குக் கூறியுள்ளார்.

ரப்பர் தொழிலாளருக்கும் பழங்குடியினருக்கும் இடையே நீண்டகாலப் பகை இருந்தது. ரப்பர் முதலாளிகள் முற்காலத்தில் பழங்குடியினரை வேட்டையாடியதே இதற்குக் காரணம். இரு தரப்பினரின் எதிரியும் ஒருவரே என்று மெண்டெஸ் எடுத்துரைத்தார். இதன் பயனாக 'வன மக்கள் கூட்டணி' உருவானது.

சமூக நலம் பற்றிய கருத்துகள்

எழுத்தறிவே விடுதலையின் முதற்படி என்று மெண்டெஸ் கருதினார். 1980களின் தொடக்கத்தில் சங்கத்தின் ஆதரவுடன் காட்டுக்குள் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பாவுலோ பிரையரின் முறையைத் தழுவிய இப்பள்ளிகளின் பாடநூலுக்கு 'பொரொங்கா' என்று பெயர். விடியுமுன் பால்வடிக்கச் செல்வோர் தலையில் அணியும் விளக்கின் பெயரே இது. கூட்டுறவு விற்பனை, மருத்துவ வசதி ஆகியவற்றையும் மெண்டெஸ் வலியுறுத்தினார். இடைத்தரகரின்றி விற்றால்தான் கடன் முறை ஒழியும் என்பது அவர் கருத்து.

எதிர்ப்பும் கொலையும்

பண்ணையாளர்களும் அவர்களது அமைப்பான ஊரக சனநாயக ஒன்றியமும் மெண்டெசை வளர்ச்சிக்குத் தடையானவர் என்று சாடினர். 1988 இல் கசொயெய்ரா என்ற ரப்பர்க் காட்டை டார்லி ஆல்வெஸ் என்ற பண்ணையாளர் கைப்பற்ற முயன்றபோது தொழிலாளர் தடுத்தனர். தமக்கு வரும் கொலை மிரட்டல்களை மெண்டெஸ் அதிகாரிகளுக்குப் பலமுறை தெரிவித்தார். 1988 டிசம்பர் 22 அன்று மாலை, காவலர் இருவர் வீட்டில் இருந்தபோதே, பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 டிசம்பரில் டார்லிக்கும் அவர் மகன் டார்சிக்கும் 19 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1993 இல் தப்பிய இருவரும் 1996 இல் மீண்டும் பிடிபட்டனர்.

தாக்கமும் மதிப்பீடும்

1990 மார்ச்சில் ஏறத்தாழ 970,000 எக்டேர் பரப்பில் சிக்கோ மெண்டெஸ் சேகரிப்புக் காப்பகம் அமைக்கப்பட்டது. ஆக்ரே மாநில அரசு 1999 இல் இவர் பெயரிலான சட்டத்தின் மூலம் ரப்பருக்கு மானியம் அளித்தது. 2007 இல் நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் சுற்றுச்சூழல் அமைச்சரான மரினா சில்வா இவருடன் பணியாற்றியவர்.

இத்திட்டம் குறித்த ஐயங்களும் உள்ளன. ரப்பரின் விலை குறைவாக இருப்பதால் அதை மட்டும் நம்பி வாழ்வது கடினமாகியுள்ளது. காப்பகத்தில் வாழும் குடும்பங்கள் பலவும் மாடு வளர்க்கத் தொடங்கியதால் உள்ளேயே காடு அழிந்துள்ளது. 2019 இல் காப்பகத்தின் பரப்பைக் குறைக்கும் மசோதா ஒன்றும் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. காடு நிலைக்க வேண்டுமானால் அதில் வாழ்வோருக்கு வருவாய் கிடைக்க வேண்டும் என்று மெண்டெஸ் கூறியதையே இச்சிக்கல்களும் உணர்த்துகின்றன.