சாரட்டோகாவும் செங்கம் கணவாயும்

சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த போளூரும், அதற்குத் தென்மேற்கே மலைகள் விலகி வழிவிடும் இடத்தில் அமைந்த செங்கமும் தமிழ் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னன் சேய் நன்னனின் செங்கண்மாவுக்குக் கூத்தரை ஆற்றுப்படுத்தும் பாட்டாகும். அதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு என்பதும், நவிரமலை போளூரை அடுத்த பருவதமலை என்பதும் அறிஞர் பலர் கொண்ட முடிபு. பரிசில் நாடிய கூத்தரின் வழி, பதினெட்டாம் நூற்றாண்டில் படைகளின் வழியாயிற்று. மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாரமகால் வழியாக ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்குவோர்க்குச் செங்கம் கணவாயே தலைவாயில். அவ்வாயிலுக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருப்பது போளூர்.

1780ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐதர் அலி இவ்வாயில் வழியே இறங்கினார். பாடநூல்கள் இதனை இரண்டாம் மைசூர்ப் போர் எனப் பெயரிட்டு, மைசூருக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் இடையே எழுந்த பூசலாக மட்டும் கூறிச் செல்கின்றன. அப்போரின் காரணங்களுள் ஒன்று வட அமெரிக்காவில், ஹட்சன் ஆற்றங்கரையில் தோன்றியது. அதன் முடிவும் பெரிதும் கடலுக்கு அப்பால் எழுதப்பட்டது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போரும் ஆர்க்காட்டுச் சீமையின் அழிவும் ஒரே உலகப் போரின் இரு முகங்கள். ஒன்றை நீக்கி மற்றொன்றைப் படித்தால் இரண்டும் முழுமையாக விளங்கா.

ஒரு சரணாகதியும் அதன் விளைவும்

1777ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி ஜான் பர்காய்ன், கனடாவிலிருந்து தெற்கு நோக்கிப் படை நடத்தினார். ஹட்சன் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கைக்கொண்டு, கிளர்ந்தெழுந்த குடியேற்ற நாடுகளை இரு கூறாகப் பிளப்பது அவர் நோக்கம். ஜூலையில் டைகொண்டரோகா கோட்டை அவர் வசமாயிற்று. ஆனால் அவருக்குத் துணையாக வரவேண்டிய படைகள் வந்து சேரவில்லை. தளபதி ஹோ கடல்வழியே பிலடெல்பியாவை நாடிச் சென்றார். மேற்கிலிருந்து வரவேண்டிய படை ஸ்டான்விக்ஸ் கோட்டையில் தடைபட்டுத் திரும்பியது. நியூயார்க்கிலிருந்து கிளிண்டன் காலந்தாழ்த்தே புறப்பட்டார். செப்டம்பர் 19, அக்டோபர் 7 ஆகிய நாள்களில் நிகழ்ந்த இரு சண்டைகளுக்குப் பின், அக்டோபர் 17 அன்று பர்காய்ன் சாரட்டோகாவில் ஏறத்தாழ 5,800 வீரர்களுடன் அமெரிக்கத் தளபதி ஹோரேஷியோ கேட்ஸிடம் சரணடைந்தார்.

அமெரிக்க விடுதலைப் போரின் திருப்புமுனை என இப்படையெடுப்பு கூறப்படுவதற்குக் காரணம் களத்தில் கிடைத்த வெற்றி மட்டும் அன்று. அதுவரை மறைவாக உதவிய பிரான்சு, 1778 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கருடன் வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. அன்று முதல் அது பிரிட்டனும் பிரான்சும் கப்பல் செல்லும் கடல்கள்தோறும் மோதிக்கொள்ளும் போராயிற்று.

சோழமண்டலக் கரையில் அதன் எதிரொலி விரைவில் கேட்டது. 1778 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அக்டோபரில் அது வீழ்ந்தது. முற்றுகையை நடத்தியவர் பக்சார் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ. அடுத்து 1779 மார்ச்சில் மலையாளக் கரையின் மாகியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மாகி பிரெஞ்சுக்காரரின் துறைமுகம் எனினும், ஐதர் அலிக்குப் படைக்கலங்கள் வந்திறங்கிய வாயிலும் அதுவே. அது தம் பாதுகாப்பில் உள்ளது என அவர் அறிவித்திருந்தார். 1769ஆம் ஆண்டின் சென்னை உடன்படிக்கையில், பகைவர் தாக்கினால் உதவுவதாகக் கும்பினி வாக்களித்திருந்தது. மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தபோது அவ்வாக்கு காற்றில் விடப்பட்டது. பழைய வஞ்சனையோடு மாகியின் இழப்பும் சேர்ந்தது. சாரட்டோகாவில் தொடங்கிய அலை, புதுச்சேரியையும் மாகியையும் கடந்து செங்கம் கணவாயை எட்டிய வகை இதுவே.

சேராத படைகள்

ஐதருடன் இறங்கிய படை எண்பதினாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் இடைப்பட்டது என ஆங்கிலேயர் மதிப்பிட்டனர். ஆகஸ்டு 21 அன்று ஐதர் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். மன்றோ சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நகர்ந்தார். குண்டூர்ப் பகுதியிலிருந்த கர்னல் வில்லியம் பெய்லி, ஏறத்தாழ 2,800 பேருடன் அங்கு வந்து சேர வேண்டுமென்பது கட்டளை.

பெய்லி கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தபோது நீர் குறைவாகவே இருந்தது. உடனே கடக்காமல் அங்கேயே தங்கினார். இரவில் வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர்த் தொடக்கம் வரை ஆற்றைக் கடக்க இயலவில்லை. செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். காஞ்சியிலிருந்து மன்றோ தம் முழுப்படையுடன் செல்லாமல், பிளெட்சரின் தலைமையில் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஐதரும் திப்புவும் இணைந்து பெய்லியைச் சூழ்ந்தனர். மைசூர்ப் படையின் இரும்புக் குழல் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் முழங்க, கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சரணடைந்தார். காஞ்சியில் முழக்கத்தைக் கேட்டிருந்த மன்றோ, பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் ஆங்கிலப் படை அதுவரை காணாத தோல்வி இது. பின்னர்த் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர்க் காட்சியை ஓவியமாகத் தீட்டச் செய்தார்.

சாரட்டோகாவையும் புள்ளலூரையும் அருகருகே வைத்துக் காண்பவர்க்கு அவற்றின் ஒப்புமை தெளிவாகப் புலப்படும். இரண்டிலும் சேரவேண்டிய படைகள் சேரவில்லை. இரண்டிலும் ஒரு படை முழுதாகச் சரணடைந்தது. அவ்வாறாயின், சாரட்டோகா திருப்புமுனையானது போலப் புள்ளலூர் ஏன் ஆகவில்லை?

திரும்பிச் சென்ற கப்பல்கள்

பின்வாங்கிய மன்றோவை ஐதர் தொடர்ந்து சென்று தாக்கவில்லை என்பது பலரும் கூறும் விடை. அவர் ஆர்க்காட்டு முற்றுகைக்கே திரும்பினார். நவம்பர்த் தொடக்கத்தில் ஆர்க்காடு அவருடையதாயிற்று. அதற்குள் வங்காளத்திலிருந்து ஐர் கூட் புதுப்படையுடன் சென்னை வந்து இறங்கிவிட்டார். இவ்விடையில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி விடையே.

மறுபாதி நட்பைப் பற்றியது. சாரட்டோகா அமெரிக்கருக்கு ஒரு பெரும் வல்லரசை நண்பனாக்கித் தந்தது. புள்ளலூருக்குப் பின் ஐதரின் நண்பர்கள் குறைந்தனர். குண்டூரைத் திருப்பித் தந்து நிசாமை விலக்கினார் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கையால் மராட்டியரும் விலகினர்.

எஞ்சிய நண்பன் பிரான்சு. அதன் உதவி கடல்வழியே வரவேண்டியிருந்தது. 1781 சனவரி இறுதியில் டோர்வ் என்னும் தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை புதுச்சேரிக் கடலில் தோன்றியது. அவ்வேளையில் கூட்டின் படை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே உணவின்றித் தவித்தது. நிலவழியை ஐதர் அடைத்திருந்தார். அரிசி கடல்வழியே வந்தாக வேண்டும். ஆங்கிலக் கப்பற்படையோ மேற்குக் கரையில் இருந்தது. சில வாரங்கள் கரையை அடைத்து நின்றிருந்தால் கூட்டின் படை பசியால் பணிந்திருக்கும். ஐதர் வேண்டியும் டோர்வ் நிற்கவில்லை. பிப்ரவரி நடுவில் அவர் மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பினார். உயிர்பிழைத்த கூட், சூலை முதல் நாள் பறங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. தெ கிராஸ் என்னும் பிரெஞ்சுத் தளபதி செசபீக் விரிகுடாவின் வாயிலை அடைத்து நின்றார். கடல்வழி அடைபட்ட காரன்வாலிஸ், 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரருடன் சரணடைந்தார். ஒரே அரசின் இரு கப்பற்படைகள். ஒன்று நின்றது, மற்றொன்று சென்றது. அமெரிக்கா விடுதலை பெற்றதற்கும் ஆர்க்காட்டுச் சீமை கும்பினியின் கைக்குள் சென்றதற்கும் இடையே உள்ள தொலைவில் பெரும்பங்கு இதுவே.

சஃப்ரன் என்னும் ஆற்றல் மிக்க தளபதி 1782இல் வந்து, சதுரங்கப்பட்டினம் தொடங்கி அவ்வாண்டில் நான்கு கடற்போர்களை நிகழ்த்தினார். ஆனால் காலம் கடந்திருந்தது. 1782 ஜூன் 2 அன்று, போளூருக்கு வடகிழக்கே ஐதரின் பண்டசாலையாக விளங்கிய ஆரணிக்கு அருகில் கூட்டும் ஐதரும் மீண்டும் பொருதனர். ஆரணிக் கோட்டை கூட்டின் கைக்கு வரவில்லை; போரும் முடியவில்லை. டிசம்பர் 7 அன்று சித்தூரை அடுத்த பாசறையில் ஐதர் மறைந்தார். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்தது. அமெரிக்க விடுதலையை ஒட்டி எழுந்த உலகப் போரின் இறுதிச் சண்டை தமிழ் மண்ணில் நிகழ்ந்தது என வரலாற்றாசிரியர் குறிப்பது இதனையே.

யாருடைய போர்?

ஐதரின் போரை விடுதலைப் போர் எனலாமா என்னும் வினா எழுவது இயல்பு. கும்பினியின் விரிவைத் தடுக்க வல்ல ஆற்றல் தென்னகத்தில் அன்று மைசூருக்கே இருந்தது. ஆயினும் செங்கத்தின் கீழே வாழ்ந்த உழவனிடம் இப்போரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கும்பினிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் கிடைக்கலாகாது என்று ஐதரின் குதிரைப்படை சென்னையையும் வேலூரையும் சூழ்ந்த ஊர்களை எரித்தது. கால்நடைகள் மேற்கே ஓட்டிச் செல்லப்பட்டன. எதிர்ப்புறத்தில், கடன் சுமையில் மூழ்கிய ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் வரிவசூலர் இருந்தனர். அந்நவாபின் கடன்கள் 1785இல் எட்மண்ட் பர்க் ஆங்கில நாடாளுமன்றத்தில் ஆற்றிய பேருரைக்கே பொருளாயின.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. பசித்தோர் சென்னையை நோக்கி நடந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் தொடங்கியதே மணியக்காரர் சத்திரம். ‘கஞ்சித்தொட்டி’ என்று மக்கள் வழங்கிய அவ்விடத்திலிருந்தே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. அமெரிக்காவின் வெற்றிக்கு உலகின் மறுகோடியில் விலை தந்தோருள் பெயரறியாத இவர்களும் அடங்குவர்.

களத்தில் மாண்டோர் நிலையும் இதுவே. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். புள்ளலூரில் 1781இல் நிகழ்ந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு உயர்ந்த நினைவுத்தூண்கள் நிற்கின்றன. சிப்பாய்களின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை.

அமெரிக்கர் இப்போரின் தொடர்பை அன்றே உணர்ந்திருந்தனர். பென்சில்வேனியா மாநிலம் தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஐதர் அலி’ எனப் பெயரிட்டது. 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அது ‘ஜெனரல் மங்க்’ என்னும் ஆங்கிலக் கப்பலை வென்றது. பிலிப் பிரெனோ என்னும் அமெரிக்கக் கவிஞர் அவ்வெற்றியைப் பாடினார்.

யார்க்டவுனிலிருந்து பாரமகால் வரை

யார்க்டவுனில் பணிந்த காரன்வாலிஸ், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். மேற்கில் இழந்ததற்கு ஈடாகக் கிழக்கை இறுகப் பற்றிக்கொள்வது பிரிட்டனின் போக்காயிற்று. 1792இல் அவர் சீரங்கப்பட்டணத்தின் வாயிலில் நின்று திப்புவின் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் பெற்றார். திப்புவின் மைந்தர் இருவர் பிணையாக்கப்பட்டனர். பறிக்கப்பட்ட பகுதிகளுள் பாரமகாலும் ஒன்று. மைசூரிலிருந்து செங்கம் நோக்கி இறங்கும் வழி அத்துடன் கும்பினியின் கைக்குச் சென்றது. 1799இல் திப்பு வீழ்ந்தார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் கும்பினிக்கே உரியதாயிற்று.

ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூர் எல்லைக்குள் மட்டும் தேடினால் கிடைப்பது சிறிதே. போளூரின் பதினெட்டாம் நூற்றாண்டை எழுத முற்படுவோர் ஹட்சன் பள்ளத்தாக்கையும் செசபீக் வாயிலையும் தம் நிலப்படத்தில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். சாரட்டோகாவை எழுதுவோரும் செங்கத்தைச் சேர்த்தல் கடன். நன்னன் நாட்டு வழியைப் பாட்டில் வைத்தார் பெருங்கௌசிகனார். ஐதரின் பெயர் தாங்கிய கப்பலைப் பாடினார் பிரெனோ. அவ்வழியில் படைகளுக்கு இடையே அகப்பட்டு, வீடும் மாடும் இழந்து, கஞ்சித்தொட்டியை நாடி நடந்தவர்களைப் பாடும் பணி இம்மண்ணின் கவிஞர்க்கு உரியது.