வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க முடியுமா? மலேசியச் சட்டம் சொல்வது என்ன?

யூடியூபில் ‘1911’ என்று தட்டிப் பாருங்கள். ‘குறைந்த விலையில் நல்ல கிளாசிக் பிஸ்டல் எது? வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் ஒன்றே போதுமா?’ என்று அமெரிக்கர்கள் பேசும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்த வாரத்தில் அதைப் பார்க்கிறவருக்கு, “நாமளும் ஒண்ணு வாங்கி வச்சா என்ன?” என்ற கேள்வி எழுவது இயல்புதான். தெங்கேராவிலும் எழும், ஜாசின் தோட்டத்திலும் எழும்.

சுருக்கமான பதில் இதுதான்: மலேசியாவில் எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்விக்கு முன்னால், யாருக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்ற கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்வியிலேயே பெரும்பாலானவர்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது.

அந்த ‘1911’ அப்படி என்ன விசேஷம்?

அமெரிக்கர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டல் இது. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டதால் அந்த ஆண்டே பெயராகிவிட்டது. 1985 வரை அதுதான் அவர்களின் முக்கியக் கைத்துப்பாக்கி. .45 அங்குலத் தோட்டா, மேகசினில் 7 குண்டு, காலியாக இருக்கும்போதே 1 கிலோவுக்கு மேல் எடை. இதன் பிறப்புக்கும் நம் பக்கத்து நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1900-களின் தொடக்கத்தில் பிலிப்பீன்ஸின் மோரோ மக்களோடு நடந்த சண்டையில், கையிலிருந்த .38 ரிவால்வர் போதவில்லை என்று அமெரிக்க ராணுவத்தினர் புகார் சொன்னார்கள். பெரிய தோட்டாவுக்கான தேடல் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் இதே வடிவத்தைத் தயாரிக்கலாம். பிலிப்பீன்ஸின் மரிக்கினா நகரில் உள்ள ஆர்ம்ஸ்கோர் நிறுவனமும், துருக்கி நிறுவனங்களும் மலிவு விலையில் செய்து தள்ளுகின்றன. அமெரிக்கக் கடைகளில் சுமார் 500 டாலருக்குக் கிடைப்பது இந்த ரகம்தான்.

ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நல்ல கைப்பேசியின் விலை. ஆனால், நம் ஊரில் அது கைப்பேசி மாதிரி வாங்கிவிட்டு வருகிற பொருள் இல்லை.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் அடிப்படை. போலீஸ் வழங்கும் லைசென்ஸ் அல்லது பெர்மிட் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. ‘ஆயுதம்’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் ரொம்ப அகலம். ஏர் கன், ஏர் பிஸ்டல், ஏன், துப்பாக்கியின் ஓர் உதிரி பாகம்கூட அதற்குள் அடங்கும். இணையத்தில் ஒரு குழலையோ, டிரிக்கர் பகுதியையோ மட்டும் தனியாக ஆர்டர் செய்து “இது வெறும் பார்ட்ஸ்தானே” என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் தண்டனை 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதற்கு மேலே இன்னொரு சட்டம் இருக்கிறது: 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இதன் கீழ் 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும், முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை 4 முதல் ‘கட்டாயம்’ என்பது நீங்கியது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம்.

இளைஞர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பிரிவும் அதில் உண்டு. சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்று தெரிந்தே ஒருவரோடு சேர்ந்து இருப்பதும் குற்றம். காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கூட்டாளிக்கும் சிக்கல் வருவது இப்படித்தான்.

இவ்வளவு கடுமை ஏன்?

இதற்குப் பின்னால் தோட்டத்து வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று பேராக், சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. துரைமார் இடுப்பில் ரிவால்வரோடு சுற்றினார்கள். தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். மறுபக்கம், அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்றது அவசரகால விதி.

அந்த விதிக்குப் பலியானவர்களில் ஒருவர் தமிழர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி. அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. இந்திய அரசு தலையிட்டுப் பார்த்தும் பயனில்லாமல், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு சட்டமா, அரசியலா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுக்கு வந்தது, ஆயுதச் சட்டமும் அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். துப்பாக்கி என்பது அரசின் கையில் இருக்க வேண்டிய பொருள், தனியாள் வைத்திருப்பது விதிவிலக்கு என்ற பார்வை நம் சட்டத்தில் ஊறிப்போனது அந்தக் காலத்தில்தான்.

அப்படியானால் தோட்டத்தில் சிலரிடம் துப்பாக்கி இருந்ததே?

இருந்தது, இருக்கிறது. அது ஷொட்கன். காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை நாசம் பண்ணும் இடங்களில், நிலமும் தேவையும் இருப்பதைக் காட்டி லைசென்ஸ் வாங்குகிறார்கள். தாத்தா காலத்தில் துரை பங்களாவிலோ, கிராணி வீட்டிலோ பார்த்ததாகச் சொல்வார்களே, அது பெரும்பாலும் இந்த வகைதான். பிஸ்டல் வேறு விஷயம். அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம் என்பதால் போலீஸ் பார்வை இன்னும் இறுக்கமாக இருக்கும். உயிருக்குக் குறிப்பான அச்சுறுத்தல் இருப்பதை நிரூபிக்கக்கூடியவர்களுக்கு, பின்னணியெல்லாம் அலசிப் பார்த்த பிறகு, சில நேரம் கிடைக்கிறது. “எங்க தாமான்ல திருட்டு ஜாஸ்தி” என்பது அந்தக் கணக்கில் சேராது. கொடுப்பதும் மறுப்பதும் போலீஸின் முடிவு. அமெரிக்காவில் மாதிரி அது குடிமகனின் உரிமை இல்லை.

திருடன் உள்ளே வந்துவிட்டால் என்னதான் செய்வது?

கைகட்டி நிற்கச் சொல்லவில்லை சட்டம். குற்றவியல் சட்டத்தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடலையும், அடுத்தவர் உடலையும், சொத்தையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிர் போகும் அல்லது படுகாயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலை, பாலியல் வன்முறை, ஆள் கடத்தல் போன்றவற்றில் எதிராளியின் உயிர் போகுமளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். இரவில் வீட்டை உடைத்துப் புகுவதும் கொள்ளையும் அந்தப் பட்டியலில் உண்டு.

எல்லை எங்கே என்பதை 99-ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கவும் கூடாது. ஆபத்து நீங்கியதும், உடலைக் காக்கும் உரிமையும் அதோடு முடிந்துவிடுகிறது. கட்டிப்போட்ட திருடனை ஆளுக்கு நாலு அடி போடுவது தற்காப்பு அல்ல. அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே பரப்புகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சுட்டது நியாயமான தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும், அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை என்றால் அது தனி வழக்கு. திருடன் வருவதற்கு முந்தின நாள் வரை அது உங்கள் அலமாரியில் இருந்ததற்குத் தற்காப்பு பதில் ஆகாது.

சுடுவதில்தான் ஆர்வம் என்றால்?

அதற்கு நேர்வழி இருக்கிறது. மலேசிய தேசியத் துப்பாக்கிச் சுடும் சங்கமும் மாநில, வட்டார அளவிலான சங்கங்களும் இந்த விளையாட்டை நடத்துகின்றன. உறுப்பினராகச் சேர்ந்து, பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, லைசென்ஸ் உள்ள இடத்தில் சங்கத்தின் ஆயுதத்தால் சுடலாம். வீட்டுக்கு எடுத்து வரும் பேச்சே இல்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் குண்டு வெறும் 4.5 மில்லிமீட்டர். 10 புள்ளி தரும் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையில் பிடித்து, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். நூர் சூர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் பிரிவில் சுட்டபோது எட்டு மாதக் கர்ப்பிணி. இந்த விளையாட்டுக்கு வேண்டியது தடித்த கை அல்ல, நிதானமான மூச்சு என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

பொம்மைதானே என்று வாங்கலாமா?

மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் இங்கேதான். அசல் 1911 போலவே இருக்கும் உலோக நகல், ஏர்சாஃப்ட் எல்லாம் ஆன்லைன் கடைகளில் கண்ணைப் பறிக்கும். ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு போலி ஆயுதங்களைப் பற்றியது: 1 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அது சுடுமா, சுடாதா என்பது இந்தப் பிரிவுக்குப் பொருட்டல்ல. சாவிக்கொத்தில் ‘ஸ்டைலுக்கு’ மாட்டியிருக்கும் தோட்டா உண்மையானதாக இருந்தால் அதுவும் ஆபத்துதான். தினமும் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அங்கே சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். சுட்டால் மரண தண்டனை.

வீட்டைக் காக்க வேறு வழி

‘தெங்கேரா’ என்ற பெயரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அரண், தடுப்பு வேலி என்று பொருள். திருட்டைத் தடுப்பதில் இன்றைக்கும் வேலிக்குத்தான் முதலிடம்: பின்கதவுக்கு உறுதியான கிரில், வெளியே அசைவைக் கண்டால் எரியும் விளக்கு, குரைக்கும் ஒரு நாய். திருடனுக்கு வேண்டியது சத்தமில்லாத பத்து நிமிடம். அதைக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா இன்னும் உயிரோடு இருக்கிற குடியிருப்புகளில், இரவு ரோந்துக்கு நாலு இளைஞர்கள் சேர்ந்தாலே தெரு மாறிவிடும். ஆள் உள்ளே வந்துவிட்டது தெரிந்தால் குழந்தைகளோடு ஓர் அறையில் புகுந்து தாழ்போட்டு 999-ஐ அழையுங்கள். பலகைச் சுவர் உள்ள பழைய கடைவீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் .45 தோட்டா சுவரோடு நிற்காது. அடுத்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கடைசியாக, தோட்டத்து வீடுகளைக் காலி செய்யும்போது எழக்கூடிய ஒரு கேள்வி. பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ துருப்பிடித்த துப்பாக்கி கிடைத்தால்? லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு வராது. “தாத்தா ஞாபகமா இருக்கட்டும்” என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம், மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு போகவும் வேண்டாம். வழியில் சோதனையில் நிறுத்தினால் விளக்கம் சொல்லி மாளாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, போலீஸுக்குப் போன் செய்து வரச் சொல்லுங்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்காதீர்கள்.